பரிசாக ஒரு பல்செட்

மே மாதம் பல் டாக்டரின் படகு வந்து திரும்பும்போது ஹெர்டிஸின் வாயில் ஒரு பல்லும் மிஞ்சியிருக்காது என்பது ஈஸ்டருக்கு முன்பே முடிவாகிவிட்டது. அதற்காக வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசவில்லை, சண்டை போடவில்லை. லோஃபோட்டன் கடலில் காட் மீன் சீசன் முடிந்து கரைக்கு வந்த ஹில்மார், ஈர பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று சொன்னான்.

"இந்த வருசம் நல்ல மீன்பாடு, பெட்ரா. புள்ளைக்கு ஒரு செட்டு பல்லு வச்சுக் குடுத்துருவோம். திடப்படுத்தலுக்கு அதான் என் பரிசு."

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெட்ராவின் கத்தி நின்றது. பிறகு ஓடியது.

"நல்லதுதான்," என்றாள்.

"என்ன நல்லதுதான்? கொஞ்சம் சிரிச்சுச் சொல்லேன். ஓலாஃப் அவன் மகளுக்கு வெறும் கைக்கடிகாரம்தான் வாங்குதான். எம்மகளுக்கு வாய் முழுக்க முத்து."

ஸ்கார்வோய் தீவில் அது புது வழக்கமில்லை. பதினைந்து வயதாகி, சர்ச்சில் மண்டியிட்டு விசுவாசத்தை உறுதி சொல்லும் திடப்படுத்தல் நாளுக்கு, வசதிப்பட்ட தகப்பன் மகளின் பற்களையெல்லாம் பிடுங்கவைத்துப் பல்செட் வாங்கிக்கொடுப்பான். மே மாதம் பிடுங்கினால் கோடை முழுக்க ஈறு ஆறி இறுகும். செப்டம்பருக்குள் தபால் படகில் செட் வந்துவிடும். அந்த வாயோடு ஒரு பெண் கல்யாணமாகிப் போனால், கட்டிக்கொண்டவனுக்குப் பல்வலி என்ற செலவே வராது. பெண் பார்க்க வரும் மாமியார்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேகவைத்த மீனும் ஈரலும். ஹில்மார் ஈரலைக் கிழங்கோடு பிசைந்துகொண்டே மகளுக்கு விளக்கினான்.

"ஒரு பல்லு வலிச்சா என்ன செய்வ? டவுனுக்குப் போவணும். போக ஒரு நாள், வர ஒரு நாள், காத்து ஏறிட்டா அங்கயே கெடக்கணும். என் தொழில் போச்சு, உன் தொழில் போச்சு. அந்த டாக்டரு ஈயத்த வச்சு அடைப்பான். அடுத்த வருசம் பக்கத்துப் பல்லு. பாதிரியார் பொண்டாட்டி மாதிரி தங்கத்துல கட்டணும்னா படகையே விக்கணும். இது ஒரே தடவ. அப்புறம் சாவுத வரைக்கும் பல்லுக்குன்னு ஒரு குரோனர் கெடையாது."

"எனக்கு ஒரு பல்லுதானப்பா சொத்த," என்றாள் ஹெர்டிஸ். "பின்னாடி, கீழ. மத்ததெல்லாம் நல்லாத்தான இருக்கு."

"இன்னைக்கு நல்லாருக்கு. உங்கம்மைக்கும் உன் வயசுல நல்லாத்தான் இருந்திருக்கும். கேளு அவகிட்ட. ஒரு நாளாவது பல்லு வலின்னு அவ சொல்லிக் கேட்டிருக்கியா?"

இருவரும் அடுப்பருகே நின்றவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்ல," என்றாள் பெட்ரா. அது உண்மைதான். வலிக்க அவளுக்குப் பல் எங்கே இருந்தது?

"நீ சாப்பிடலயாம்மா?"

"நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறம்."

அந்த 'அப்புறம்' பல வருசப் பழக்கம். எல்லாரும் எழுந்து போனபின், சுவரைப் பார்த்து நின்றபடி, கீழ்ச் செட்டைக் கழற்றி ஏப்ரன் பைக்குள் போட்டுவிட்டு, மீன் வெந்த தண்ணீரில் ரொட்டியை ஊறவைத்து ஈறாலேயே மசித்து விழுங்குவாள். மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஒழுங்காக நிற்கும். கீழ்ச் செட் முதல் சில வருசங்கள் நின்றது. பிறகு தாடையெலும்பு கரையத் தொடங்கியது. இப்போது அது நாக்கு அசைந்தால் மிதக்கும், தும்மினால் எகிறும். அது உரசிய இடத்தில் எப்போதும் புண். அதைக் கன்னத்தாலும் நாக்காலும் பிடித்துவைத்துக்கொண்டுதான் அவள் பேசினாள், சிரித்தாள், சர்ச்சில் பாடினாள். ஹில்மார் பக்கத்தில் படுக்கும்போதும் கழற்ற மாட்டாள். செட் இல்லாத அவள் முகத்தை அவன் இதுவரை பார்த்ததில்லை.

பனி உருகத் தொடங்கியதும் தூண்டில் கொட்டகையில் வேலை ஏறியது. ஆயிரங்கால் தூண்டிலின் நீண்ட கயிற்றைத் தொட்டியில் வளையம் வளையமாக அடுக்கிக்கொண்டே, ஒவ்வொரு முள்ளிலும் ஹெர்ரிங் துண்டைக் குத்த வேண்டும். இரை பனிக்கட்டியோடுதான் வரும். விரல் மரத்துப்போகும், முள் குத்தினால் ரத்தம் பார்த்துத்தான் தெரியும். பெட்ராவும் ஹெர்டிஸும் ஒரு மேசை. எதிர் மேசையில் பக்கத்து வீட்டு மாக்னாவும் அவள் மகள் போர்கில்டும். போர்கில்டுக்கும் இதே மே மாதம்தான்.

"நான் சினிமா படத்துல இருக்கவ மாதிரி சிரிக்கப்போறேன்," என்றாள் போர்கில்ட். "நல்ல வெள்ள கேட்டிருக்கேன். பால் வெள்ள."

"பால் வெள்ளன்னா ராத்திரியில கலங்கரை வெளக்கு மாதிரி தெரியும்டி," என்றாள் ஹெர்டிஸ். "படகெல்லாம் உன் வாயப் பாத்து கர ஏறும்."

கொட்டகையே சிரித்தது. ஹெர்டிஸ் சிரித்தால் கடைவாய் வரைக்கும் தெரியும். சிரித்தபடியே சிக்கலாகிப்போன, முள் கட்டிய ஒரு நரம்பை வாயில் வைத்து நறுக்கென்று கடித்து அறுத்துத் துப்பினாள். கத்தி தேடுகிற வேலை அவளுக்குக் கிடையாது. பெட்ரா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி பெட்ரா, மகள இப்பிடி முழுங்குத மாதிரி பாக்க?" என்றாள் மாக்னா. பேசும்போது அவள் வாய்க்குள் 'க்ளிக்' என்று சத்தம் கேட்கும். எல்லாருக்கும் கேட்கும், யாருக்கும் கேட்காது.

"மாக்னா," பெட்ரா குரலைத் தாழ்த்தினாள். "உன் கீழ் செட்டு எப்பிடி இருக்கு?"

மாக்னாவின் கை நின்றது. அடுத்தவள் உடுப்புக்குள்ளே எட்டிப்பார்த்ததுபோல முகம் மாறியது.

"நல்லாருக்கு. ஏன், உனக்கென்ன?"

"எனக்கும் நல்லாருக்கு."

"பின்ன என்ன கேள்வி இது? உன் அக்கா தோராவ மறந்துட்டியா?"

பெட்ரா மறக்கவில்லை. தோராவுக்குக் கடைவாய்ப் பல்லில்தான் தொடங்கியது. ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் மூடி, கழுத்து இறுகியது. வெளியே வடமேற்குக் காற்று. டவுனுக்கு ஒரு படகும் இறங்க முடியாமல் ஆண்கள் துறையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். காற்று அடங்கியபோது தோராவும் அடங்கிவிட்டாள். இந்தத் தீவில் பல் என்பது கொல்லக்கூடிய ஒன்று. போன குளிர்காலத்தில் ஹெர்டிஸின் கன்னம் லேசாக வீங்கி, கடையில் வாங்கிய கிராம்புத் தைலத்தில் அமுங்கியபோது, பெட்ரா நாள் முழுக்க ஜன்னல் வழியே கடலைத்தான் பார்த்தாள்.

அதனால்தான் அவளால் வாய்திறக்க முடியவில்லை. பிடுங்காதே என்று சொல்லி, நாளைக்கு அந்தக் கன்னம் வீங்கினால்? பிடுங்கு என்று விட்டால், சுவரைப் பார்த்துத் தின்னும் பெண் இன்னொருத்தி இந்த வீட்டில். இரண்டுக்கும் நடுவில் நாள் போய்க்கொண்டே இருந்தது.

படகு வருவதற்கு முந்திய நாள் ஹில்மார் சுவரில் மாட்டியிருந்த காற்றழுத்தமானியை விரலால் தட்டினான். முள் கீழே இறங்கியது.

"காத்து வருது. டாக்டரு ரொம்ப நேரம் தங்க மாட்டாரு. காலையிலயே போயிருங்க."

அவன் கொல்லைக்குப் போனதும் ஹெர்டிஸ் மெல்ல வந்து பெட்ராவின் பக்கத்தில் நின்றாள்.

"ம்மா, உனக்கு அந்தப் பல்லு பிடிச்சிருக்கா?"

"பழகிரும்."

"பழகுமான்னு கேக்கல. பிடிச்சிருக்கான்னு கேக்கேன்."

பெட்ரா பாத்திரத்தைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

"அப்பா ஆசையா சொல்லுதாரு. குளிர்ல, கைய வெட்டிக்கிட்டு சம்பாதிச்ச காசு," என்றாள் கடைசியில்.

"அது எனக்கும் தெரியும்மா. அதனாலதான் நான் வேண்டாம்னு சொல்லல." ஹெர்டிஸின் குரல் கொஞ்சம் தடுமாறியது. "நீ சொல்லுவன்னு பாத்தேன்."

மறுநாள் டாக்டர் பள்ளிக்கூடத்தில்தான் கடை போட்டார். ஒரு வகுப்பறையில் நாற்காலி, காலால் மிதித்து ஓட்டும் துளைக் கருவி, எனாமல் தட்டுகள். வெளியே நடையில் பெஞ்சு போட்டு எல்லாரும் காத்திருந்தார்கள். பெண்பிள்ளைகள் திடப்படுத்தல் வகுப்புக்குப் போவதுபோலத் தலைசீவி வந்திருந்தார்கள். உள்ளே எது நடந்தாலும் கத்தல் கேட்காது. ஊசி போட்டுவிடுவார்கள். தட்டில் விழும் சத்தம் மட்டும் கேட்கும். அது நின்று, கொஞ்சம் பொறுத்து, மறுபடி தொடங்கும். ஜன்னலுக்கு வெளியே காற்று கூரைத் தகரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் நர்ஸ் பிடுங்கிய பற்களின் வாளியைத் துறையில் கொண்டுபோய்க் கடலில் கொட்டும்போது, மீன்குடல் என்று நினைத்துக் கடற்காகங்கள் கூட்டமாக வந்து முட்டும், வெறும் வாயோடு எழும்பும். அவை காலையிலேயே வந்து கூரையில் உட்கார்ந்திருந்தன.

"ஹெர்டிஸ்!"

தாய்மார்களும் உடன் போகலாம். தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். ஹெர்டிஸ் நாற்காலியில் சாய்ந்தாள். பெட்ரா அவள் தலையை இரண்டு கைக்குள் ஏந்தினாள்.

டாக்டர் ஸ்டாங் இளைத்த மனிதர். கண்ணில் தூக்கமில்லை. கண்ணாடியை உள்ளே விட்டு வாயைச் சுற்றிப் பார்த்தவர் புருவத்தைத் தூக்கினார்.

"கீழே ஒண்ணுதான் கெட்டிருக்கு. மத்ததெல்லாம் நல்ல பல்லு." அவர் பெட்ராவைப் பார்த்தார். "முழுசும்னு அவங்கப்பா சொல்லியிருக்கார். அப்படித்தானே?"

பெட்ரா மகளின் தலையைக் கைக்குள் இறுக்கினாள்.

"அடைச்சு வச்சுக்க முடியாதா டாக்டரய்யா?"

"அடைக்கலாம். ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது யாராவது பாக்கணும். ஒண்ணு போனா அந்த ஒண்ணுக்கு மட்டும் தகடு வச்சுக் கட்டலாம், அதுவும் டவுன்லதான். நான் இங்க வருஷத்துக்கு ஒரு தடவை வர்றேன், அதுவும் காத்து விட்டா. நடுவுல இவ கன்னம் வீங்கினா என்ன பண்ணுவீங்க?" அதட்டலில்லை. எல்லாத் தீவிலும் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன குரல். "நான் முடிவு பண்றதில்லம்மா. நீங்கதான் சொல்லணும்."

பெட்ராவுக்குத் தோராவின் கழுத்து ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தாள். செட் நழுவியது. நாக்கால் அதைப் பிடித்து நிறுத்துவதற்குள் சொல்ல வந்தது போய்விட்டது.

டாக்டர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். ஊசி போட்டார். மேல்வரிசையிலிருந்து தொடங்கினார்.

மகளின் தலை கைக்குள் இருந்ததால் ஒவ்வொன்றும் பெட்ராவின் உள்ளங்கையில் நடந்தது. முதலில் ஒரு அழுத்தம், பிறகு எலும்புக்குள் எதுவோ முறியும் மெல்லிய நெரிசல், பிறகு விடுபடல், பிறகு தட்டில் சத்தம். ஹெர்டிஸ் கண்ணை மூடவில்லை. தலைகீழாகத் தெரியும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. நர்ஸ் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பற்கள் சுலபத்தில் வரவில்லை. நல்ல பற்கள். வேரெல்லாம் நீளம்.

"மேலே முடிஞ்சுது," என்றார் டாக்டர். "கொப்பளி. கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ. இனி கீழே."

ஹெர்டிஸ் வாளியில் துப்பினாள். மேலுதடு உள்ளே விழுந்து, வேறு யாரோ ஒரு பெண்ணின் வாய் அவள் முகத்தில் ஒட்டியிருந்தது. தட்டில் கிடந்தவை வெள்ளையாக, ஒரு கரும்புள்ளி இல்லாமல் கிடந்தன.

டாக்டர் வேறொரு குறடு எடுத்தார்.

"நிறுத்துங்க," என்றாள் பெட்ரா.

"என்னம்மா?"

"மேல் செட்டு நிக்கும். அது அண்ணத்துல ஒட்டிக்கும். கீழ் செட்டு நிக்காது."

"பழகினா நிக்கும்னு எல்லாரும்..."

"எல்லாரும் பொய் சொல்லுதாங்க. நானும்தான் சொன்னேன்."

அவள் கையை வாய்க்குள் விட்டுக் கீழ்ச் செட்டைக் கழற்றிக் கருவிகளுக்கு நடுவில் வைத்தாள். கன்னம் இரண்டும் உள்ளே போயின. தாடை மேலேறி மூக்கின் பக்கம் வந்தது. நர்ஸ் தன்னையறியாமல் ஒரு அடி பின்வாங்கினாள். பெட்ராவின் பேச்சு குழறியது, ஆனால் அவள் நிறுத்தவில்லை.

"விரல விட்டுப் பாருங்க. வெக்கமெல்லாம் இல்ல, பாருங்க."

டாக்டர் விரலை வைத்தார். தாடையெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் கத்தியின் முதுகுபோல ஒரு மெல்லிய வரம்பு, அதன் மேல் புண்.

"உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பதுகூட ஆகல. நான் இதே பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். இதே வயசுல."

டாக்டர் விரலைத் துடைத்துக்கொண்டார். அவர் செட் கொடுத்த வாய்களை அவர் மறுபடி பார்ப்பதில்லை. வலிக்காதவர்கள் வரிசையில் வந்து நிற்பதில்லை.

"அவங்கப்பா முழுசும்னு..." என்று இழுத்தார்.

"இது அவங்கப்பா வாயில்ல."

டாக்டர் ஹெர்டிஸைப் பார்த்தார். மரத்துப்போன உதட்டோடு அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை. வாயை மூடிக்கொண்டாள். ரத்தத் துணியை இறுக்கிக் கடிக்க மேலே ஒன்றும் இல்லை. கீழ்ப் பற்களை வெறும் ஈறில் அழுத்தி, இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் சொத்தைய எடுத்துத்தான் ஆகணும்," என்றார் டாக்டர். "அத விட்டா ஆபத்து. அது மட்டும். மத்தது இருக்கட்டும். ஆனா கேளுங்கம்மா, அதுலயும் ஒண்ணு கெடலாம். அப்ப நான் இங்க இருக்க மாட்டேன்."

"தெரியும்," என்றாள் பெட்ரா. பயம் அவளை விட்டுப் போகவில்லை. அது அப்படியே இருந்தது, இன்னும் கொஞ்சம் பக்கத்தில்.

ஹெர்டிஸ் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தானே வாயைத் திறந்து, எந்தப் பல் என்று விரலால் தொட்டுக்காட்டினாள்.

வெளியே நடைக்கு வந்தபோது பெட்ராவின் கீழ்ச் செட் அவள் கையிலேயே இருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாக்னா அவசரமாக எழுந்து வந்து மறைத்து நின்றாள்.

"ஏட்டி, என்ன கோலம் இது? பல்ல மாட்டு. ஊரே பாக்குது."

"பாக்கட்டும்."

"ஹில்மாரு பாத்தா என்ன நெனப்பான்?"

"வீட்டுக்குப் போய் அவனுக்கும் காட்டத்தான் போறேன். வெளக்க வச்சுக் காட்டுவேன். பாதி வாய் போனதுக்கு நானும் ஒரு காரணம்னு அதையும் சொல்லுவேன்."

பெட்ரா உடனே வீட்டுக்குப் போகவில்லை. மகளைப் பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹெர்டிஸ் கழுத்துத் துணியை வாயில் பொத்திக்கொண்டு அம்மாவின் தோளில் சாய்ந்தாள். எதிரே இருந்த பெண்பிள்ளைகள் பெட்ராவின் முகத்தைப் பார்த்தார்கள், தங்கள் அம்மாக்களைப் பார்த்தார்கள். அம்மாக்கள் தரையைப் பார்த்தார்கள்.

கதவு திறந்தது. "அடுத்து, போர்கில்ட்!"

போர்கில்ட் எழுந்தாள். பால்வெள்ளைச் சிரிப்பைப் பற்றிப் பேசியவள் முகத்தில் இப்போது ரத்தமே இல்லை.

"பெட்ரா அத்த, ரொம்ப வலிக்குமா?"

"பிடுங்கும்போது வலிக்காது புள்ள."

"அப்ப அதுக்கப்புறம்?"

"அத உங்கம்மைகிட்ட கேளு." பெட்ரா மாக்னாவை நேராகப் பார்த்தாள். "சொல்லு மாக்னா. நீ கடைசியா எப்ப ஒரு துண்டு காஞ்ச மீனக் கடிச்சுத் தின்ன? அவ கேக்கா, சொல்லு."

மாக்னா வாயைத் திறந்தாள். உள்ளே 'க்ளிக்' என்றது. கை தானாக மேலே போய் வாயை மூடியது. போர்கில்ட் அம்மாவின் பதிலுக்காக நின்றாள். கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது.

"போர்கில்ட்!" உள்ளேயிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். "சீக்கிரம் வாம்மா, காத்து ஏறுது. படக எடுக்கணும்."

மாக்னா வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. மற்றொரு கையால் மகளின் முதுகைத் தொட்டாள். தள்ளவுமில்லை, பிடிக்கவுமில்லை. போர்கில்ட் அதைத் தள்ளல் என்று நினைத்தாள். உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

ஊசி மருந்து ஏற எடுக்கும் நேரம் எவ்வளவு என்று அந்த நடையில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் தெரியும். மாக்னா கதவுக்கு நேராக, உட்காராமல், கைப்பிடியைப் பார்த்தபடி நின்றாள். அவள் கை இரண்டு தடவை அதன் பக்கம் போய்வந்தது.

உள்ளே எனாமல் தட்டில் முதல் பல் விழுந்தது.